சனிக்கிழமை என்ன சாப்பிட்டார்

கண்ணாடி, மோதிரம், வாட்சு, செல்போன். எல்லாத்தையும் என் கையில திணிச்சுட்டு, ஆஸ்பத்திரியில குடுத்த பச்சை அங்கியோட ஸ்ட்ரெச்சர்ல மல்லாந்து படுத்தபடியே போயிட்டாரு மனுசன். போறப்ப என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள அந்தத் தள்ளுகதவு ஆடி ஆடி நின்னு போச்சு. மத்தியானத்துக்கு மேலதான் உள்ள கூப்பிடுவோம்னு நேத்து நர்ஸ் புள்ள சொல்லியிருந்துச்சு. இவரும் அதை நம்பி, எழுத வேண்டியதை சாவகாசமா எழுதிக்கலாம்னு படுத்திருந்தாரு. பெரிய டாக்டர் வேறெங்கயோ போகணும்னு வெள்ளனே வந்துட்டாரு, உடனே கொண்டாங்கன்னுட்டாங்க, ரெண்டு பேரு வந்து மோதிரத்தைக் கூட சோப்புத் தண்ணி போட்டு உருவி எடுத்துட்டாங்க. ஆஞ்சியோ பண்ணிப் பாப்பாங்களாம், அடைப்பு இருந்தா அப்படியே ஸ்டென்ட் வெச்சிடுவாங்களாம். என்னமோ சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடற மாதிரி சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்குன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம், கட்டுன புருசன் உள்ள கிடக்கறாரு. ஆனா இந்த பயத்துக்கு நடுவுல, நெருஞ்சி முள்ளு சேலையில ஒட்டுன மாதிரி இன்னொண்ணு. இன்னைக்கு சனிக்கிழமை. எதுத்த சுவத்துல கடிகாரம் தொங்குது. அது பன்னெண்டு காட்டறதுக்குள்ள, எங்க வீட்டுக்காரரு சென்னியப்பன் காலையில என்ன சாப்பிட்டாருன்னு நாலு பேருக்குத் தெரியணும். அவரு ஒண்ணும் சாப்பிடல. நேத்து ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க.

கேட்டா சிரிப்பீங்க. நானே எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாம, பேரு ஊரு தெரியாம ஒருத்தர் இன்னொருத்தருக்கு கம்ப்யூட்டர் வழியா லெட்டர் போடணும்னா, அதைக் கொண்டு சேக்கறதுக்கு அஞ்சு பேரு அஞ்சு ஊருல அஞ்சு மெஷின் வெச்சிருக்காங்க. காசு பணம் கிடையாது, போர்டு கிடையாது, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தது கிடையாது. பேரு கூடக் கிடையாது, எல்லாம் காய்கறிப் பேரு. எங்க வீட்டுக்காரரு பீர்க்கங்கா. அப்புறம் முன்ன பாகக்காவா இருந்த அவரைக்கா, சுண்டக்கா, முருங்கக்கா, சொரக்கா. வெளிநாட்டுலயே இருக்கற ஆளுங்க கூட இருக்காங்களோ என்னமோ, ஒருத்தரு காலங்காத்தால மீனும் சோறும்னு எழுதுவாரு. சுண்டக்கா பொம்பளைன்னு நான் சொல்லுவேன். பழைய தோசை மாவுல ஊத்தப்பம் ஊத்தினேன்னு எந்த ஆம்பளை எழுதுவான். இவரு அதுக்கு, அதெல்லாம் நமக்கு எதுக்கு வசந்தான்னு வாயை அடைச்சிடுவாரு. லெட்டருக்கு மேல கவர், அந்தக் கவருக்கு மேல இன்னொரு கவர், இப்படி கவருக்குள்ள கவரா வருமாம். ஒவ்வொரு மெஷினும் ஒரு கவரைப் பிரிச்சு, அடுத்தது யாருக்குன்னு மட்டும் பாத்துத் தள்ளிவிட்டுடும். எங்கிருந்து கிளம்புச்சு, எங்க போய் நிக்கும்னு ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. வந்ததும் அனுப்பாது, எங்கூரு மினி பஸ் மாதிரி ஆள் சேந்தாத்தான் வண்டி நகரும். சேந்ததுக்கப்புறம் முன்ன வந்தது பின்ன, பின்ன வந்தது முன்னன்னு கலைச்சுப் போட்டு அனுப்பும். இதுல யாராவது ஒருத்தரை எவனாவது பிடிச்சு உக்கார வெச்சு, மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டா மத்தவங்களுக்கு எப்படித் தெரியும். அதுக்குத்தான் இந்த சனிக்கிழமை ஏற்பாடு. நான் சுகமா இருக்கேன், என்னை யாரும் மிரட்டலன்னு எழுதறதுக்குப் பதிலா, ஆரம்பத்துல யாரோ விளையாட்டுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டேன்னு போட, அதுவே வழக்கமாப் போச்சு. தனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வாக்கியத்தைப் பூட்டுச் சாவி மாதிரி போட்டாத்தான் அந்த வரி போகும். பன்னெண்டுக்குள்ள வரலைன்னா மத்த நாலு பேரும் அந்த ஆளை வெட்டி விட்டுடுவாங்க. அவரு வீட்டு மெஷினும் உள்ள இருக்கற லெட்டரோட தன்னைத்தானே அழிச்சுக்கும். அதுக்கப்புறம் வேற பேருல புது ஆளா வந்து, முதல்லேருந்து நம்பிக்கை சம்பாரிக்கணும். பத்து வருசத்துக்கு மேல ஒரு சனிக்கிழமை விடாதவரு இவரு. எங்க பொண்ணு மேகலா கல்யாணத்தன்னைக்குக் கூட மண்டபத்துப் பின்னாடி நின்னு, உப்புமா, கேசரின்னு எழுதிட்டுத்தான் தாலி எடுத்துக் குடுக்க வந்தாரு. நான் அன்னைக்கு அவரைப் பாத்த பார்வை எனக்குத்தான் தெரியும்.

இந்த செல்போன் சுட்டுக்கிட்டே இருக்கு. மடியில வெச்சா மடி சுடுது, பையில போட்டா கை அங்கயே போகுது. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். உலகத்துல ரெண்டு பேருக்குத் தெரியும், ஒருத்தர் உள்ள டேபிள்ல கிடக்கறாரு. போன வருசம் மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பதான் சொல்லிக் குடுத்தாரு. ராகி மாவு கரைச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து நின்னு, இதை மனசுல வெச்சுக்க, எங்கயும் எழுதாத, நான் போயிட்டா அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு, மத்ததுக்கு எதுக்கும் எடுக்காதன்னாரு. வாயில நல்ல பேச்சே வராதான்னு திட்டி அனுப்புனேன். ஆனா வாக்கியம் மனசுல நின்னு போச்சு. அது எங்க ரெண்டு பேரு சம்பந்தப்பட்ட ஒரு பழைய விசயம், அதை இங்க சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள கூட முழுசா ஓட்டக் கூடாது. முதல் வார்த்தை வருது, ரெண்டாவது வருது, வேண்டாம், அவரு போயிட்டாத்தானே அதை எடுக்கணும், இப்ப எடுத்தா என்னமோ நானே கூப்பிட்ட மாதிரி ஆயிடும். விடு. கடிகாரத்தைப் பாக்காத. பாத்தாச்சு. இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு இட்லி, தேங்கா சட்னின்னு ஒரு வரி. யாருக்கு என்ன நட்டம். அவரு உசுரோடதான் இருக்காரு, யாரும் பிடிச்சு வெச்சுக்கல, பிடிச்சு வெச்சிருக்கறதெல்லாம் டாக்டருதான். ஒரு பொய் இட்லியில பத்து வருசம் காப்பாத்தலாம். இல்ல உள்ளதைச் சொல்லலாம், இவரு ஆஸ்பத்திரியில இருக்காரு, நான் அவரு சம்சாரம், ரெண்டு நாள் பொறுங்கன்னு. எவனாவது இவரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு போனைப் பிடுங்குனாலும் அப்படியேதானே எழுதுவான். அவங்க நம்பக் கூடாது. நம்புனா அவங்க முட்டாளுங்க. வாக்கியத்தோட சொன்னா நம்புவாங்க. வாக்கியத்தோட இட்லின்னாலும் நம்புவாங்க. அதுதான் வம்பு.

பக்கத்துல பெருந்துறைக்காரம்மா ஒண்ணு பொரிகடலை தின்னுக்கிட்டு உக்காந்திருக்குது. உள்ள அதோட அண்ணன். "உங்க வூட்டுக்காரரு என்ன வேலைங்க?"ன்னு கேட்டுச்சு. "டெலிபோன் ஆபீஸ்ல இருந்தாருங்க, ரிட்டயர்டு"ன்னேன். "அப்ப இப்ப வூட்டுல சும்மாத்தான் இருக்காருங்களா?" ஆமாங்கன்னேன். என்ன சொல்றது. சும்மாதான் இருக்காரு, பரணுக்குக் கீழ பச்சை லைட்டு மினுக்கற டப்பாவோட. வெளிய சொல்ற மாதிரி ஒரு வேலையா அது. சொந்தக்காரங்க, சும்மா எதுக்கு இவரு இந்த வேண்டாத வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கறாருன்னு கேட்டா, நானும் சேந்துக்கிட்டு ஆமாங்கன்னு நொடிச்சுக்குவேன். அந்தம்மா ஒரு பிடி பொரிகடலை நீட்டுச்சு. வாங்கிக்கிட்டேன், வாய்க்குப் போகல. அவரு சாப்பிடாம இருக்கறப்ப எனக்கு என்ன. அப்பத்தான் ஒரு பையன் ரத்த டியூப்பு அடுக்குன தட்டோட குறுக்க போனான். செவப்பு மூடி, ஊதா மூடி. ஸ்பிரிட் வாசனை ஒரு நிமிசம் நின்னுச்சு. என் மூக்கு அதுலயே நின்னு போச்சு.

ஊதா மூடி. நான் வேலை பாத்த லேப்பு. பேரு எதுக்கு, அந்த லேப்பு இப்ப இல்ல. ரத்தம் எடுக்கறது நாங்க, ரிப்போர்ட் அடிக்கறது உள் ரூம்ல. சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி ஆனா பாதி டியூப்பு மெஷினுக்கே போகாது, அப்படியே வாஷ்பேசின்ல ஊத்திட்டு, இது நார்மல், அது நார்மல்னு கையால அடிச்சுக் குடுத்துடுவாங்க. முதல்ல எனக்கு நம்ப முடியல. ஒரு நாள் குழாயைத் திறந்தேன், தண்ணி ரோஸ் கலர்ல சுத்திச் சுத்தி இறங்குச்சு. அன்னைக்கு நான் ரத்தம் எடுத்தது ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு. வெளுத்த முகம், நகக்கண்ணுல ரத்தமே இல்ல. அவ ரிப்போர்ட்டுல ரத்த அளவு பன்னெண்டு, நார்மல்னு போட்டிருந்துச்சு. அவ அதை வாங்கிக்கிட்டு, பரவால்லீங்களாக்கான்னு சிரிச்சா. ஓனரு இந்த ஊருல பெரிய கை. அவனைப் பத்தி வாயைத் திறந்த ஆளு ஒருத்தரு வேற ஜில்லாவுல போய் வேலை தேடுனாரு. மேகலாவுக்கு அப்ப வரன் பாத்துக்கிட்டு இருந்தோம். நான் ராவும் பகலும் அந்த நகத்தையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள், இவரு ரேசன் கடைக்குப் போன நேரம் பாத்து, இவரு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறப்ப காதுல விழுந்த மாதிரியே, கவருக்குள்ள கவர் போட்டு, என்னென்ன கிழமையில எந்தெந்த ரிப்போர்ட்டு மெஷினுக்குப் போகாம அடிச்சாங்கன்னு எழுதி, சுகாதார ஆபீசுக்கும் ரெண்டு டாக்டருங்களுக்கும் அனுப்புனேன். அது பாகக்கா வழியாப் போச்சோ, சுண்டக்கா வழியாப் போச்சோ. ஒருவேளை எங்க வீட்டுப் பரணுக்குக் கீழயே வந்து, என் கண்ணு முன்னாடியே அந்தப் பச்சை லைட்டுக்குள்ள உக்காந்திருந்துச்சோ. நான் தட்டுல கீரை ஆஞ்சுக்கிட்டு அந்த லைட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்தா இரு, தைரியமா இருன்னு சொல்லிக்கிட்டேன். பைத்தியம்.

அப்ப ஊருல எதோ பண்டிகை, லெட்டர் வரத்து கம்மி. கம்மியா இருந்தா தனியா நிக்கற லெட்டரைக் கண்டுபிடிச்சுடலாம், கூட்டத்துல கலந்தாத்தான் தப்பிக்கும். அதுக்காகவே இவரு மெஷினை விட்டு, ஒண்ணுமே எழுதாத வெத்து லெட்டரை நேரங்கெட்ட நேரத்துல அனுப்ப வெச்சிருப்பாரு. அஞ்சு பேரும் அப்படித்தான். உள்ள ஒண்ணுமில்லாத கவரை எதுக்குங்க இப்படிச் சுத்த விடறீங்க, வேற பொழப்பில்லையான்னு நான் கேட்டிருக்கேன். துணைக்குன்னாரு. யாருக்குத் துணைக்குங்க. தெரியாது, யாருக்காச்சும். அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. என் லெட்டரு தனியாப் போகல. முன்னயும் பின்னயும் வெத்து லெட்டரா நடந்திருக்கும், பயந்த புள்ளைய நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போற மாதிரி. கட்டுன புருசன் எனக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்காரு, எனக்குன்னு அவருக்கே தெரியாம. கொஞ்ச நாள் கழிச்சு பேப்பரைப் பிரிச்சுப் படிச்சுக்கிட்டே, ஏம்மா, நீ வேலை பாத்த எடத்துக்கு சீல் வெச்சுட்டாங்களாமே, யாரோ எழுதிப் போட்டாங்களாம்னாரு. ஆமாங்களான்னு அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன். எத்தனையோ தடவை சொல்ல வந்து விட்டுட்டேன். அவரு மெஷினு எதையும் வெச்சுக்காது, நான் மட்டும் எதுக்கு அவரு தலையில ஏத்தி வெக்கணும்னு இருந்துட்டேன்.

ஏன் பண்றாருன்னு நான் கோவமாக் கேட்டது ஒரே தடவை. எவனோ ஒரு பாவி இது வழியா ஒரு பொண்ணுக்கு மிரட்டல் லெட்டர் போட்டிருக்கான். போலீஸ்காரங்க ரெண்டு பேரு வீட்டுக்கே வந்துட்டாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க, காப்பி குடிச்சாங்க, டப்பாவைத் திறந்து பாத்தாங்க, ஒண்ணுமில்ல. "எதுக்கு சார் இதெல்லாம், யாரு கேட்டா உங்களை?"ன்னு ஒருத்தரு நிஜமாவே புரியாமக் கேட்டாரு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவங்க போனதும் நான் பிடிச்சேன் பாருங்க, இப்பவே அதைப் பிடுங்கிப் போடுங்க, அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றதுன்னு. அதையேதான் நானும் யோசிக்கறேன்னாரு. சோறு இறங்கல அவருக்கு. அந்தப் பொண்ணை நினைச்சு நிஜமாவே ஆடிப் போயிட்டாரு. அப்புறமாத்தான் மெல்ல ஆரம்பிச்சாரு. டெலிபோன் ஆபீஸ்ல டெஸ்ட் டெஸ்க்குன்னு ஒண்ணு. லைன்ல கரகரன்னு வருதுன்னு கம்ப்ளெயின்ட் வந்தா, இவரு காதுல மாட்டிக்கிட்டு அந்த லைனுக்குள்ள போய்க் கேட்டுப் பாக்கணும். வருசக்கணக்கா ஊரே அவரு காதுல பேசியிருக்கு. ஒரு நாள் ஒரு பொம்பளை அவங்கம்மாகிட்ட கிசுகிசுன்னு பேசுது, வர்ற வெள்ளிக்கிழமை இந்த ஆளை விட்டுட்டு வந்துடறேன், எந்த பஸ்ஸுன்னு எல்லாம். சட்டுனு கழட்டி வெச்சுட்டாராம். சாயங்காலம் பேக்கரியில டீ குடிக்கறாரு, பக்கத்துல அந்தப் புருசன்காரன் நிக்கறான், தெரிஞ்ச ஆளுதான், தோள்ல கை போட்டுப் பேசறான். "அவங்கம்மாகிட்ட சொன்னதை நான் எதுக்கு வசந்தா தெரிஞ்சுக்கணும்? எனக்கு டீ இறங்கல. அவ பஸ் ஏறற வரைக்கும் எனக்குத் தூக்கமே இல்ல. என் வாயிலிருந்து போயிடுமோன்னு பயம்." அதுக்கப்புறம் எப்பவும் அவரு நினைச்சதெல்லாம் ஒண்ணுதானாம். கேக்கறவன் காதுல விழவே முடியாத ஒரு லைன் இருக்கணும், அதைப் பாத்துக்கற ஆளும் கூடக் கேக்க முடியாத மாதிரி. அதை விட்டுடுங்கன்னு நான் சொல்லல அதுக்கப்புறம். அந்தக் கெட்ட லெட்டரு எனக்கு இன்னைக்கும் ஆறல. ஆனா நானும் ஒரு லெட்டர் போட்டவதானே.

அடக் கடவுளே, கடிகார முள்ளு எங்க போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான். இப்ப அந்த டப்பாவுல எத்தனை லெட்டரு கூட்டம் சேரக் காத்துக்கிட்டு இருக்கோ. அதுல என்னை மாதிரி ஒருத்தி, நகக்கண்ணு வெளுத்த இன்னொருத்தியைப் பத்தி எழுதியிருந்தா? அழிஞ்சா யாரு பொறுப்பு. இட்லின்னு போடு வசந்தாமணி, ஒரு வரி. கை போயிடுச்சு, போனைத் திறந்துட்டேன், முதல் வார்த்தையை அடிச்சும் போட்டேன். அப்பத்தான் பாகக்கா ஞாபகத்துக்கு வந்தாரு. மூணு நாலு வருசம் இருக்கும், பாகக்கா வரி வரல. இவரு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. எனக்கே மனசு கேக்கல, பாவம் காய்ச்சலா இருக்கும், அர மணி நேரம் பொறுத்தா என்னங்கன்னேன். பன்னெண்டு அடிச்சதும் வெட்டிட்டாரு. வெட்டிட்டு கையைக் கழுவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து பிசைஞ்சு பிசைஞ்சு எழுந்துட்டாரு. அடுத்த வாரம் அவரைக்கான்னு புதுசா ஒருத்தரு வந்து எழுதியிருந்தாரு. காய்ச்சல்ல தூங்கிட்டேன், நீங்க யாரும் எனக்காகக் காத்திருக்காததுக்கு ரொம்ப நன்றின்னு. அதைப் படிச்சுட்டுத்தான் இவரு அழுதாரு. காத்திருக்காததுக்கு நன்றி. எந்த ஊருல இப்படி ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லுவாங்க. மூஞ்சி தெரியாது, சாதி சனம் தெரியாது, செத்தா வர முடியாது, ஆனா நான் தூங்கிட்டா என்னை வெட்டி விடுன்னு ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் குடுத்திருக்காங்க. அந்த நம்பிக்கை மேலதான் என் லெட்டரு நடந்து போச்சு. அதுல ஒருத்தன் பொண்டாட்டி, அய்யோ பாவம்னு ஒரு இட்லியைப் பொய்யா வெச்சிருந்தா, நான் யாரை நம்பி அன்னைக்கு அந்தக் கவரை ஒட்டியிருப்பேன். உலகத்துல இந்தப் பொய்யைச் சொல்ல முடியற ஒரே ஆளு நான்தான். அது தெரிஞ்சுதான் ராகி கரைக்கறப்ப வந்து காதுல சொல்லியிருக்காரு. அடிச்ச வார்த்தையை அழிச்சேன். போனை அமத்தி, அவரு கண்ணாடிக் கூட்டோட பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்தேன். கடிகாரம் பன்னெண்டுக்கு வந்துச்சு, ஒரு சத்தமும் இல்ல, தாண்டிப் போச்சு. வீட்டுல அந்தப் பச்சை லைட்டு இந்நேரம் நின்னிருக்கும். பெருந்துறைக்காரம்மா, "என்னங்க, கண்ணெல்லாம் கலங்கியிருக்குது, நல்லாயிடுவாருங்க"ன்னு முதுகைத் தடவுச்சு. ஆமாங்கன்னேன்.

"சென்னியப்பன் கூட வந்தவங்க யாருங்க?" எழுந்தேன், பொரிகடலை மடியிலிருந்து கொட்டுச்சு. ஒரு அடைப்பாம், வெச்சாச்சாம், பயமில்லையாம். டாக்டர் சொன்னதுல இது மட்டும்தான் காதுல ஏறுச்சு. உள்ள கையில ஊசியோட படுத்திருந்தாரு, உதடு காஞ்சு தோலுரிஞ்சு. ஏனுங்கன்னேன். கண்ணைத் திறந்து முதல்ல சுவத்துல கடிகாரத்தைத் தேடுனாரு. கண்ணாடி இல்லாம என்ன தெரியும். மாட்டி விட்டேன்.

"ஆயிப் போச்சா?"

"ஆயிப் போச்சுங்க."

"நீ எதுவும் போட்டுடலையே?"

"போடலீங்க."

நல்லதுன்னு தலையை ஆட்டுனாரு. ஆட்டிட்டு சீலிங்கைப் பாத்துக்கிட்டு இருந்தவரு, "உள்ள எத்தனை இருந்துச்சோ"ன்னாரு. கண்ணு ஓரமா தண்ணி காதுக்கு இறங்குச்சு. "பத்து வருசமாத் தள்ளி விட்டேன். ஒண்ணாச்சும் போச்சான்னு கூடத் தெரியாது." எனக்குத் தாங்கல. குனிஞ்சு, "ஏனுங்க, ஒரு லெட்டரு எனக்குத் தெரியுங்க"ன்னேன். ஊசி குத்துன கையை லேசாத் தூக்கி நிறுத்துனாரு. "யாரு என்னன்னு எங்கிட்ட சொல்லாத வசந்தா." அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல அந்த மெஷின் அவரு நெஞ்சுக்குள்ள நடக்கறதையெல்லாம் ஒண்ணு விடாம ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிக்கிட்டு இருந்துச்சு. "போய்ச் சேந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு.

"சேந்துச்சுங்க."

அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. கையைப் பிடிச்சேன், சூடா இருந்துச்சு. "பசிக்குது, கஞ்சி எப்பத் தருவாங்கன்னு கேட்டுட்டு வா"ன்னாரு.